தோஹாவின் கலீஃபா அரங்கம்: எல்லைப் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கு

கேரள எல்லையை ஒட்டிய குமரி மாவட்டத்தில், நீரோடியிலிருந்து தேங்காப்பட்டணம் வரையுள்ள கரையில் வளர்ந்த பையன்கள் கத்தாரில் வந்து இறங்கினால், சாப்பாட்டுக் கடைக்கு அடுத்தபடியாக விசாரிப்பது பந்து விளையாட இடம் எங்கே என்பதைத்தான். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை ஊர்களில் ஆழ்கடல் தொழிலும் கால்பந்தும் சேர்ந்தே வளர்ந்தவை. களியக்காவிளை, செங்கோட்டை, கூடலூர் ஆட்களும் பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளும் மலையாளிகளோடு சேர்ந்து செவன்ஸ் என்ற எழுவர் கால்பந்து பார்த்து வளர்ந்தவர்கள். இவர்கள் எல்லோருக்கும் நாங்கள் சொல்வது ஒன்று: வந்த முதல் மாதத்துக்குள் ஒரு வெள்ளிக்கிழமை மாலை கலீஃபா சர்வதேச அரங்கத்துக்குப் போங்கள். வெளியே நின்று அதை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். கத்தார் எப்படி வளர்ந்தது, அதில் நம்மவர் உழைப்பு எங்கே இருக்கிறது என்பதை அந்த ஒரு கட்டடம் காட்டிவிடும்.

கத்தார் 1971-இல்தான் சுதந்திர நாடானது. அன்று ஊரில் பெயர் சொல்லும்படி இருந்தது பழைய தோஹா ஸ்டேடியம். 1973-இல் பீலே தன் சான்டோஸ் அணியோடு வந்து விளையாடியது அங்கேதான். கலீஃபா அரங்கம் 1976-இல் நான்காவது வளைகுடாக் கோப்பைக்காகத் திறக்கப்பட்டது. அன்றைய அமீர் கலீஃபா பின் ஹமதின் பெயர் அது. சுமார் 20,000 பேர் உட்காரும் அளவு, நடுவில் பந்து மைதானம், அதைச் சுற்றி ஓட்டப் பாதை. அந்தக் கோப்பையைக் குவைத் வென்றது. கத்தார் தன் முதல் வளைகுடாக் கோப்பையை வெல்ல 1992 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதை இதே அரங்கத்தில் வென்றது. 1995-இல் நைஜீரியாவில் நடக்க வேண்டிய உலக இளையோர் கோப்பை கடைசி நேரத்தில் கத்தாருக்கு மாற்றப்பட்டபோது, இறுதி ஆட்டத்தில் அர்ஜென்டினா பிரேசிலை 2-0 என்று வென்றதும் இங்கேதான்.

முதல் பெரிய புதுப்பிப்பு 2006 ஆசிய விளையாட்டுக்காக நடந்தது. இருக்கைகள் ஏறக்குறைய இருமடங்காயின. மேற்குப் பக்கத்துக்குக் கூரை வந்தது. கூரை இல்லாத கிழக்குப் பக்கத்தின் மேல் ஒரு பெரிய எஃகு வளைவு எழுந்தது. விளக்குகளும் திறப்பு விழா வாணவேடிக்கையும் அதில்தான். பக்கத்தில் நிற்கும் 300 மீட்டர் ஆஸ்பயர் கோபுரத்தின் உச்சியில் அந்த விளையாட்டின் தீபம் எரிந்தது. 2006 டிசம்பர் 1 அன்று திறப்பு விழாவில் மழை கொட்டியது. கூரைக்கு வெளியே இருந்தவர்கள் நனைந்துகொண்டே, குதிரையில் ஏறிய வீரர் தீபத்தோடு ஈரச் சரிவில் ஏறிப் போவதைப் பார்த்தார்கள்.

அந்த ஓட்டப் பாதையைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். புதுக்கோட்டைப் பக்கத்துச் சாந்தி சௌந்தரராஜன் 2006-இல் 800 மீட்டரில் வெள்ளி வாங்கியது அதில்தான். பிறகு பாலினச் சோதனை என்ற பெயரில் அந்தப் பதக்கத்தைப் பறித்தார்கள். அந்த அநியாயத்துக்கு இன்னும் சரியான ஈடு கிடைக்கவில்லை என்பது எங்கள் கருத்து. 2019 ஏப்ரலில் ஆசியத் தடகளப் போட்டியில் பாலக்காட்டு முண்டூர் பி.யு. சித்ரா 1500 மீட்டரில் தங்கம் வென்றதும் இங்கேதான். அதே ஆண்டு உலகத் தடகளப் போட்டியில் முகம்மது அனஸ், விஸ்மயா, ஜிஸ்னா மேத்யூ, நோவா நிர்மல் டாம் என்ற நான்கு கேரளப் பிள்ளைகள் இந்தியாவை ஆண்களும் பெண்களும் சேர்ந்து ஓடும் கலப்புத் தொடர் ஓட்ட இறுதிக்குக் கொண்டுபோனார்கள். கால்பந்து அரங்கம் என்று மட்டும் நினைத்துப் போகிறவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

ஓட்டப் பாதையால் பார்வையாளருக்கு ஒரு சங்கடமும் உண்டு. கோலுக்குப் பின்னால் கீழ் வரிசையில் டிக்கெட் எடுத்தால், உங்களுக்கும் கோல் கம்பத்துக்கும் இடையில் பாதையின் வளைவு முழுவதும் கிடக்கும். எதிர்ப் பக்கக் கோலில் நடப்பது பொம்மை விளையாட்டுப் போலத் தெரியும். அதே விலைக்குக் கிடைத்தால் பக்கவாட்டில், நடு உயரத்துக்கு மேலே எடுங்கள். மாலை ஆட்டம் என்றால் கிழக்குப் பக்கத்தில் உட்காருகிறவர் மேற்கு பார்த்து உட்காருவார். சூரியன் இறங்கும்வரை கண் கூசும்.

2011-இல் ஆசியக் கோப்பை இறுதி ஆட்டம் இங்கே நடந்தது. கூடுதல் நேரத்தில் தடனாரி லீ அடித்த கோலில் ஜப்பான் ஆஸ்திரேலியாவை வென்றது. அதற்குப் பிறகுதான் இன்று நாம் பார்க்கும் கட்டடத்தை உண்டாக்கிய இரண்டாவது புதுப்பிப்பு. 2014-இல் அரங்கத்தை மூடினார்கள். 2017 மே 19 அன்று கத்தார் கிளப்புகளுக்கான அமீர் கோப்பை இறுதி ஆட்டத்தோடு திறந்தார்கள். அல் சத் 2-1 என்று அல் ரயானை வென்றது. 2022 உலகக் கோப்பைக்கான அரங்கங்களில் முதலில் தயாரானது இதுதான்.

இடிக்காமல் புதுப்பித்ததால் வேலை எளிதாக இருந்திருக்கும் என்று நினைக்க வேண்டாம். பழைய படிக்கட்டுகளும் வளைவும் அப்படியே நிற்க வேண்டும், கிழக்கில் புதிய அடுக்கு எழ வேண்டும், எல்லா இருக்கைகளுக்கும் மேலே கூரை வர வேண்டும். கூரை கம்பி வடங்களை இழுத்துக் கட்டி அதன்மேல் துணி போன்ற சவ்வை விரிக்கும் வகை. எடை குறைவு என்பதால் பழைய அமைப்பின்மேல் பாரம் ஏறாது. ஆனால் வடங்களை எல்லாப் பக்கமும் ஒரே சீராக இழுக்க வேண்டும். ஒரு பக்கம் தளர்ந்தால் சவ்வு சுருங்கும், மழைநீர் தேங்கும். விளக்குகளையும் எல்இடி-க்கு மாற்றினார்கள். பழைய வகை விளக்கு அணைந்தால் சூடு ஆறி மறுபடி முழு வெளிச்சம் வரச் சில நிமிடம் பிடிக்கும். எல்இடி உடனே எரியும், சூடும் குறைவு. குளிரூட்டிய அரங்கத்தில் அந்தச் சூடு குறைவதே ஒரு லாபம்.

திறந்த அரங்கத்தை எப்படிக் குளிரூட்டுகிறார்கள் என்று ஊரில் எல்லோரும் கேட்பார்கள். அரங்கத்துக்கு வெளியே தனியாக ஒரு குளிரூட்டு நிலையம். அங்கிருந்து குளிர்ந்த நீர் குழாயில் வருகிறது. அந்த நீரால் குளிர்ந்த காற்றை இருக்கை வரிசைகளுக்குக் கீழிருந்தும் மைதானத்தின் ஓரத்து முனைகளிலிருந்தும் தள்ளுகிறார்கள். குளிர்ந்த காற்று கனமானது, கீழேயே படியும். ஆகவே அரங்கம் முழுவதையும் குளிரூட்ட வேண்டியதில்லை. ஆட்டக்காரரும் பார்வையாளரும் இருக்கும் அடிப்பகுதி போதும். வெப்பம் ஏறத் தொடங்கிய காற்றை மறுபடி உறிஞ்சி, தூசி வடிகட்டி, குளிர்வித்து அனுப்புகிறார்கள். கத்தார் பல்கலைக்கழகப் பேராசிரியர் சவூத் அப்துல் கனி இந்த வேலைக்குத் தலைமை தாங்கியவர். சுமார் 26 டிகிரி என்பது கணக்கு. காற்றுவாய்க்குப் பக்கத்து இருக்கை கிடைத்தால் முழுக்கைச் சட்டை இல்லாமல் இரண்டு மணி நேரம் உட்காருவது கஷ்டம்.

இந்த ஏற்பாடு எவ்வளவு வேலை செய்தது என்பதை 2019 உலகத் தடகளப் போட்டி காட்டியது. அரங்கத்துக்குள் ஓடியவர்கள் இதமான காற்றில் ஓடினார்கள். பெண்கள் மாரத்தானைக் கடற்கரைச் சாலையில், வெப்பத்துக்குப் பயந்து நள்ளிரவில் நடத்தியும், தொடங்கிய 68 பேரில் 28 பேர் பாதியில் நின்றுவிட்டார்கள். காரணம் ஈரப்பதம். வியர்வை காயாவிட்டால் உடம்பு குளிராது. நம் கரையில் பிறந்தவன் இந்தப் புழுக்கம் பழகியதுதானே என்று நினைத்துவிடுவான், அங்கேதான் ஆபத்து. ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் தோஹாவின் இரவுப் புழுக்கம் அதைவிடக் கடுமையானது.

மைதானப் புல்லும் அப்படியே கவனம் கேட்கும் பொருள். கோடைக்கு ஏற்ற புல் குளிர்காலத்தில் மந்தமாகும். அதனால் அதன் மேலேயே ரை புல் விதையைத் தூவிப் பச்சையாக வைப்பது வளைகுடாவில் வழக்கம். கூரை பெரிதானதும் நிழல் கூடும், நிழல் விழும் இடத்தில் புல் மெலியும். தள்ளுவண்டி விளக்குகளைக் கொண்டுவந்து வெளிச்சம் காட்ட வேண்டிவரும். சுற்றியுள்ள தோட்டங்களுக்குச் சுத்திகரித்த கழிவுநீர் பாய்கிறது. தோட்டக் குழாய்த் தண்ணீரைக் குடிக்க வேண்டாம்.

இனி, இதைக் கட்டியவர்கள். 2016-இல் அம்னெஸ்டி இன்டர்நேஷனல் என்ற மனித உரிமை அமைப்பு இந்த அரங்கத்தில் வேலை செய்த 132 தொழிலாளரையும் சுற்றுப் பசுமைப் பணியில் இருந்த 99 பேரையும் சந்தித்து அறிக்கை வெளியிட்டது. ஏஜென்டுக்கு 500 முதல் 4,300 டாலர் வரை கட்டி வந்தவர்கள், சொன்ன சம்பளம் கிடைக்காதவர்கள், பாஸ்போர்ட்டைப் பறிகொடுத்தவர்கள் அதில் இருந்தார்கள். இந்தியா, நேபாளம், வங்கதேசம் என்று எல்லாம் நம் பக்கத்து ஆட்கள். 2017 ஜனவரியில் கூரையடியில் தொங்கு நடைமேடை அமைத்துக்கொண்டிருந்த பிரிட்டிஷ் தொழிலாளி ஒருவர், மேடை சரிந்து, பாதுகாப்புக் கயிறும் அறுந்து, சுமார் 40 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்து இறந்தார். ஸ்கஃபோல்டிங், ரோப் வேலைக்கு வருகிற தம்பிமார் இதை மனத்தில் வைக்க வேண்டும்: ஹார்னஸ் கொக்கியை நீங்கள் நிற்கும் மேடையில் மாட்டாதீர்கள். மேடையைத் தாங்காத வேறொரு உறுதியான இடத்தில் மாட்டுங்கள். ஹாயிஸ்ட் (தூக்கும் கருவி) வழுக்குகிறது என்று தெரிந்தால் ஃபோர்மேன் அவசரப்படுத்தினாலும் ஏறாதீர்கள்.

அதற்குப் பின் சட்டம் மாறியிருக்கிறது; மாறியது தெரியாமல் பழைய பயத்திலேயே பலர் இருக்கிறார்கள். 2020-இலிருந்து வேலை மாறக் கஃபீலிடம் (விசா தந்த முதலாளியிடம்) என்ஓசி என்ற தடையில்லாச் சான்று வாங்க வேண்டியதில்லை. இரண்டு ஆண்டுக்குள் மாறினால் ஒரு மாத நோட்டீஸ், அதற்கு மேல் இரண்டு மாதம். 2021 மார்ச் 20 முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,000 ரியால்; கம்பெனி தங்குமிடம் தராவிட்டால் கூடுதலாக 500, சாப்பாடு தராவிட்டால் 300. ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை காலை 10 மணி முதல் பிற்பகல் 3.30 வரை வெயிலில் வேலை கூடாது. அந்த மாதங்களுக்கு வெளியிலும் டபிள்யூபிஜிடி கருவி 32.1 டிகிரியைத் தாண்டினால் வேலை நிற்க வேண்டும். இது உங்கள் போனில் தெரியும் வெப்பநிலை அல்ல. ஈரப்பதம், வெயில், காற்று மூன்றையும் சேர்த்து அந்தக் கருவி காட்டும் எண். போனில் 36 என்று காட்டும் நாளில்கூட அது எல்லையைத் தாண்டக்கூடும்.

ஊரிலிருந்தே செய்ய வேண்டியதும் உண்டு. கத்தார் விசா மையம் சென்னையிலும் கொச்சியிலும் இருக்கிறது. குமரி, செங்கோட்டை, பாலக்காட்டு ஆட்களுக்குக் கொச்சிதான் பக்கம். கைரேகை, மருத்துவச் சோதனை, ஒப்பந்தக் கையெழுத்து மூன்றும் அங்கேயே முடியும். கையெழுத்துப் போடும் முன் ஏஜென்ட் வாயால் சொன்ன சம்பளமும் தாளில் இருப்பதும் ஒன்றா என்று பாருங்கள். வித்தியாசம் இருந்தால் அங்கேயே நிறுத்துவது எளிது, தோஹாவில் இறங்கியபின் கஷ்டம். பதிவுபெற்ற ஏஜென்ட் வாங்கலாம் என்று இந்திய அரசு வைத்த உச்சவரம்பு 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும். ஈசிஆர் (குடியேற்ற அனுமதி தேவைப்படும்) பாஸ்போர்ட்டில் வருகிறவர் இந்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளம் வழியாகவே வர வேண்டும். அப்போதுதான் பிரவாசி பாரதிய பீமா யோஜனாவின் 10 லட்ச ரூபாய்க் காப்பீடும் சேரும். விசிட் விசாவில் வந்து வேலை தேடிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

விளையாடப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். மலையாளி அமைப்புகள் நடத்தும் போட்டிகள் குளிர்காலத்தில் களைகட்டும். மலையாளம் தெரிந்த எல்லைத் தமிழன் அங்கே சீக்கிரம் ஒட்டிக்கொள்வான். பெரும்பாலான வாடகை மைதானங்கள் செயற்கைப் புல். மணலில் வெறுங்காலோடு விளையாடிய பழக்கத்தில் அதில் சறுக்கினால் தோல் உரியும். நீண்ட ஸ்டட் வைத்த பூட்ஸ் போட்டால் புல்லில் சிக்கிக் கால் நின்றுவிடும், உடம்பு திரும்பும், முட்டியின் தசைநார் அறும். சிறிய ரப்பர்க் குமிழ் வைத்த டர்ஃப் ஷூவே போதும். ஹமது மருத்துவமனை ஹெல்த் கார்டை முதலிலேயே எடுத்துவிடுங்கள், அவசரத்துக்கு 999.

அரங்கத்துக்குப் போக மெட்ரோவில் தங்கப் பாதை, ஸ்போர்ட் சிட்டி நிலையம். வேறு பாதையில் வந்தால் முஷைரிபில் மாறுங்கள். ஒரு பயணம் 2 ரியால், நாள் முழுக்க 6 ரியால், கார்டுக்குத் தனியாக 10. ஒரு பெட்டியில் ஒரு பகுதி குடும்பங்களுக்கு. தனி ஆண்கள் மற்றப் பெட்டிகளில் ஏறுங்கள். வெள்ளிக்கிழமை காலை வண்டி தாமதமாகத்தான் தொடங்கும். அரங்கத்தை ஒட்டியே 2022-இல் திறந்த 3-2-1 விளையாட்டு அருங்காட்சியகம் இருக்கிறது, ஆஸ்பயர் பூங்காவும் நடக்கும் தூரம். பெரிய ஆட்டம் முடிந்ததும் ஸ்போர்ட் சிட்டி வாசலில் வரிசை நீளும். அதில் நிற்காமல் வில்லாஜியோ வணிக வளாகத்தைத் தாண்டி அல் அஜீஸியாவுக்கு நடந்துவிடுங்கள். அது பாதையின் கடைசி நிலையம், வண்டி காலியாகக் கிளம்பும், உட்கார இடம் கிடைக்கும். கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்பதைப் போகும்போதே பார்த்துவைத்துக்கொள்ளுங்கள்.