போர்த்தியன்கி: குதிகால் மடிப்பு ஒருவழியாக நிற்கிறது

சோவியத் சிப்பாயின் 1970களின் உடுப்பை மறுபடி உருவாக்கும் தொகுப்பில் நெடுநாள் இழுத்தடித்த வேலை முடிந்தது. காலுறைக்குப் பதிலாகக் காலில் சுற்றும் துணியான போர்த்தியன்கி, கிர்சா (ரப்பர் ஏற்றிய துணி) பூட்ஸுக்குள் நாள் முழுக்க நடந்தும் கலையவில்லை. அருமையான பிடிப்பு!

துணி 35 × 90 செ.மீ. கோடைக்குப் பருத்தி, குளிருக்கு ஃபிளானல். நனைத்துச் சுருங்கவிட்டு அப்புறம் வெட்டுங்கள். வெட்டிய பின் சுருங்கினால் கணுக்காலுக்கு மேல் சுற்று எட்டாது. ஓரம் அடிக்கவே கூடாது. தையல் விளிம்பு விரலுக்கடியில் போனால் கொப்புளம்தான்.

குறுகிய மூலையை விரல்கள்மேல் போர்த்திப் பாதத்துக்கடியில் செருகுவது எல்லோருக்கும் வந்துவிடும். தகராறு முழுக்கக் குதிகாலில். நீண்ட பக்கம் பாதத்தின் மேலேறி உள்ளங்காலைச் சுற்றி வரும்போது இழுவை கொஞ்சம் தளர்ந்தாலும் குதிகாலுக்குப் பின்னால் தொளதொளவென்று ஒரு பை விழும். பூட்ஸுக்குள் கால் இறங்கும்போது அது சுருண்டு உருண்டையாகிவிடும். பாதத்தை நீட்டாமல் கணுக்காலைச் செங்கோணத்தில் வையுங்கள். ஒரு கையால் பாதத்தின் மேலுள்ள சுற்றை அழுத்திக்கொண்டு, மறுகையால் துணியைக் குதிகால் ஒட்ட மேல்நோக்கி இழுத்து, சுருக்கம் முழுதும் போன பிறகே கணுக்காலுக்குப் போங்கள். நுனியைச் செருகியதும் பூட்ஸின் இரு காதுகளையும் (இழுக்கும் பட்டைகள்) பிடித்து நேராக இழுங்கள். காலைத் திருகி நுழைத்தால் மடிப்பு போச்சு. இடது காலுக்கு எல்லாம் திசை மாறி வரும்.

பாராக்கில் விழித்தெழுந்து உடுத்த 45 நொடிக் கெடு என்பார்கள். அந்த அவசரத்தில் சுற்றிய புதுச் சிப்பாயின் கால் புண்ணானதில் வியப்பில்லை. ஆனால் பழகியவனுக்கு இதைப்போல் வசதி கிடையாது: பாதத்துப் பகுதி நனைந்தால் முனை மாற்றி, கெண்டைக்காலில் இருந்த உலர்ந்த பகுதியைப் பாதத்துக்குக் கொண்டுவரலாம். ரஷ்யப் படை 2013 வரை இதை விடாமல் வைத்திருந்ததற்கு இது ஒன்றே போதுமான காரணம்.

பூட்ஸ் வாங்குவோருக்கு: பாதப்பகுதி தோல், மேல்குழாய் மட்டுமே கிர்சா, அதாவது ரப்பர் ஏற்றிய பல அடுக்குப் பருத்தி. பழைய கிடங்குச் சரக்கு கடினமாகி மடிப்பில் வெடித்திருக்கும். குழாயை வளைத்துப் பிடித்த படம் கேட்காமல் பணம் அனுப்பாதீர்கள். குளிர்காலச் சுற்றோடு அளவு பார்ப்பதும் முக்கியம்.

ஃபிளானல் சோதனை பாக்கியிருக்க, அடுத்து சீருடை மேற்சட்டையின் காலருக்குள் தைக்கும் வெள்ளைப் பட்டை. சிப்பாய்கள் மாலைதோறும் புதிதாகத் தைத்தது. காலருக்கு மேல் 1–2 மி.மீ. வெள்ளை தெரிய வேண்டும். வளைவில் பட்டை மேலேறாமலிருக்க நடுவிலிருந்து இரு பக்கமும் தைப்பதாகத் திட்டம்.