நகை, சீர் திருப்பும் பஞ்சாயத்தில் நடு ஆளாகப் போகிறீர்களா?

பிரியப்போகும் புருஷன் பெண்டாட்டிக்கு நடுவில் பேசப் போகிறவர் மாட்டுவது பேச்சில் இல்லை, நகையில். "ரெண்டு பக்கமும் உங்களைத்தான் நம்புறோம், உங்க பீரோவுலயே இருக்கட்டும்" என்பார்கள். அங்கேயே கும்பிடு போட்டுவிடுங்கள். வாங்கி வைத்தபின் ஒரு மோதிரம் குறைந்தாலும் நம்பிக்கை மோசடிப் புகார் நம் பெயரில்தான் வரும்.

பெண் வீட்டார் 40 பவுன் என்பார்கள். தராசில் 36தான் நிற்கும். யாரும் திருடியிருக்க வேண்டியதில்லை. ஆரத்தையும் அட்டிகையையும் ஒரு பக்கம் கல்லோடு சேர்த்துக் கணக்கிட்டிருக்கும், மறுபக்கம் கல் எடை கழித்து. மாற்றி வாங்கியதில் சேதாரம் போயிருக்கும். தாலிச்சங்கிலி அவள் கழுத்திலேயே இருக்கும். ஆனால் அந்த 4 பவுன், 32 கிராம், அடுத்த மூன்று மாதச் சண்டைக்குப் போதும். ஒவ்வொரு உருப்படியையும் தனித்தனியாகத் தராசில் வைத்து, எண் தெரிய போட்டோ எடுங்கள். மொத்த எடை, கல் எடை இரண்டையும் கிராமில் எழுதுங்கள். அடகில் இருப்பதை மீட்க, வைத்தவரே ரசீதோடு வரவேண்டும். நாம் மட்டும் பணத்தோடு போய் நின்றால் ஒரு நாள் வீண்.

பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட வேண்டியது பெண். அப்பாவோ தாய்மாமனோ இல்லை. ஸ்ரீதனம், அதாவது கல்யாணத்தில் அவளுக்குப் போட்ட நகையும் சீரும், அவளுக்கே சொந்தம், அவள் அதிகாரம் கொடுக்காமல் அப்பாகூடக் கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2024இல் சொல்லிவிட்டது. மகளிர் ஸ்டேஷனிலும் இதே கதைதான். சமாதானமாகிவிட்டது என்று இரண்டு பெரியவர்கள் போய் நின்றால், ரைட்டர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "மனு கொடுத்தவங்க வரட்டும்" என்பார். பெண் வேறு ஊரில் வேலை பார்த்தால், அவள் லீவு போட்டு வரும் நாளை முதலில் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். மனு ரசீது எண்ணைக் குறித்து வையுங்கள், இல்லாவிட்டால் தேடவே அரை நாள் ஆகும்.

அடுத்த பள்ளம் பத்திரத்தாள். "இனி எங்களுக்குள் ஒட்டுமில்லை, உறவுமில்லை" என்று எழுதி, நோட்டரி முத்திரை குத்தி, நம்மைச் சாட்சியாகப் போடச் சொல்வார்கள். இந்துத் திருமணச் சட்டப்படி நடந்த கல்யாணம் அந்தத் தாளில் முறியாது. நிரூபிக்கக்கூடிய சாதி வழக்கம் இருந்தால்தான் விதிவிலக்கு. அதை நம்பி ஒருவர் மறுமணம் செய்தால் 7 வருடம் வரை தண்டனை உள்ள குற்றம், சாட்சிக் கையெழுத்து நம்முடையது. முறையான வழி அதே சட்டத்தின் 13பி பிரிவு, இருவரும் சம்மதித்துப் பெறும் விவாகரத்து: ஒரு வருடம் பிரிந்திருந்து, சேர்ந்து மனு போட்டு, 6 மாதம் கழித்து மறுபடி சம்மதம் சொல்வது. 2017 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு அந்த 6 மாதத்தை நீதிமன்றம் தள்ளுபடி செய்யலாம், ஆனால் கேட்டதும் கிடைக்காது. இடையில் யாரும் பின்வாங்கலாம் என்பதால் பேசிய தொகை முழுவதையும் முதல் நாளே கொடுக்க வைக்காதீர்கள். பாதி மனு அன்று, மீதி கடைசி வாய்தாவில் நீதிபதி முன் டிடியாக.

மாப்பிள்ளைக்குச் சித்தப்பா, அக்கா வீட்டுக்காரர் முறையென்றால் இன்னும் ஜாக்கிரதை. மனைவியைக் கொடுமை செய்ததற்கான குற்றப் பிரிவு, பழைய 498ஏ, இப்போதைய 85, கணவனின் உறவினர்களையும் சேர்த்துத்தான் பிடிக்கும். "கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா" என்று நல்லெண்ணத்தில் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் புகாரோடு பென்டிரைவில் வந்து நிற்கும். பேசுவதென்றால் இரு வீட்டாரும் இருக்கும்போது நேரில் பேசுங்கள்.

சீர் சாமான் ஏற்றும் நாளில் பீரோவும் கட்டிலும் சிக்கலில்லை. பித்தளை அண்டாவில் பேர் வெட்டியிருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள், இல்லாவிட்டால் யார் வீட்டு அண்டா என்று வாசலிலேயே கிளம்பும். ஜோடிக் குத்துவிளக்கில் ஒன்று விட்டுப்போனால், அதற்கு மறுபடி ஒரு வேன் வாடகை. அதையும் நம்மிடம்தான் கேட்பார்கள்.