தகவல் கொடுத்தவர் பெயர்

சார்பதிவாளர் அலுவலகம் என்றால் எல்லோருக்கும் பத்திரமும் வில்லங்கமும்தான் நினைவுக்கு வரும். கிராமங்களின் பழைய பிறப்பு, இறப்புப் பதிவேடுகளும் அங்கே இருப்பது பலருக்குத் தெரியாது. என் பணிக்காலத்தில் பெரும்பகுதி பத்திரங்களோடுதான் போனது. ஆனால் ஓய்வு பெற்ற பிறகும் நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பது ரெக்கார்டு ரூமின் கீழ்த்தட்டில் இருந்த அந்தப் பிறப்புப் பதிவேடுகளைத்தான்.

பாஸ்போர்ட்டுக்கும் வாரிசுச் சான்றுக்கும் கேட்டு வருபவர்கள் ஒரு வகை. இன்னொரு வகை மனிதர்கள், கூட்டம் குறையும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு, "கொஞ்சம் தனியா பேசணும் மேடம்" என்று வருவார்கள். தாத்தா யாருக்குப் பிறந்தவர், அத்தையை எங்கிருந்து எடுத்து வளர்த்தார்கள் என்பது போன்ற கேள்விகள் அவர்களிடம் இருக்கும். கையில் பெரும்பாலும் ஒரு "பதிவு இல்லை" சான்று இருக்கும். அதைத் தலைகுனிவாக நினைத்து மடித்து வைத்திருப்பார்கள்.

அப்படித்தான் டெல்டாப் பக்கம் ஓர் அலுவலகத்தில் நான் இருந்தபோது தாயும் மகளும் வந்தார்கள். அம்மாவுக்கு அறுபதைத் தாண்டிய வயது. அவர் அம்மா, அப்பா என்று அழைத்து வளர்ந்தது உண்மையில் பெரியம்மாவையும் பெரியப்பாவையும். இது அவருக்குத் தெரிய வந்ததே பெரியப்பாவின் காரியத்தன்று, சொத்துப் பேச்சு எழுந்தபோதுதான். "இவ யாரு பெத்ததோ!" என்று ஒரு பங்காளி சொல்லிவிட்டார். சித்தி என்று மட்டும் கேள்விப்பட்டிருந்த, என்றோ இறந்துபோன ஒருவர்தான் தன்னைப் பெற்றவர் என்று அதன்பிறகு ஓர் உறவுக்காரப் பாட்டி சொல்லியிருக்கிறார். மகள் பெரியப்பாவின் கிராமத்துக்கும், பெற்ற அப்பா என்று சொல்லப்பட்டவரின் கிராமத்துக்கும் தேடல் மனுப் போட்டிருந்தார். இரண்டிலும் பதிவு இல்லை. "பதிவே இல்லேன்னா, மறைச்சுப் பெத்ததுன்னுதானே அர்த்தம்" என்று பங்காளி வீட்டில் பேசத் தொடங்கிவிட்டார்களாம்.

எனக்குக் கோபம் வந்தது. பதிவு இல்லாமல் போவதற்கு எத்தனையோ சாதாரணக் காரணங்கள் இருக்கின்றன. இப்போது நடைமுறையில் இருப்பது 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம். அதற்கு முன்பு 1899ஆம் ஆண்டின் சென்னை மாகாணச் சட்டம். வீட்டிலேயே பிரசவம் நடந்த அந்தக் காலத்தில், யாராவது போய்ச் சொன்னால்தான் கிராம முன்சீப் எழுதுவார். தஞ்சைப் பக்கம் அவரைப் பட்டாமணியார் என்பார்கள். வீட்டுக்காரர் சொல்லாமல் விட்டிருக்கலாம். முன்சீப் எழுத மறந்திருக்கலாம், எழுதிய பக்கத்தைக் கரையான் தின்றிருக்கலாம். 1980இல் பரம்பரைக் கிராம அதிகாரிகள் முறை ஒழிக்கப்படும் வரை இந்தப் பதிவேடுகளில் பல, அவர்கள் வீட்டுப் பரணிலும் திண்ணையிலும்தான் காலம் தள்ளின.

சரி, இதெல்லாம் போகட்டும். இந்தக் குடும்பம் தேடிய இரண்டுமே ஆண்கள் வழி ஊர்கள். பிறப்பைப் பதிவது பிறந்த இடத்தில்தான், அப்பாவின் ஊரில் இல்லை. தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீட்டுக்குப் போவது நம் வழக்கம். அப்படியானால் பார்க்க வேண்டியது சித்தி பிறந்த ஊரின் பதிவேட்டை. அந்தக் கிராமமும் நல்லவேளையாக எங்கள் எல்லைக்குள்ளேயே இருந்தது.

அந்த அம்மாவின் பெயரை வைத்துத் தேடுவதில் பயனில்லை. பழைய பதிவேடுகளில் குழந்தைக்குப் பெயரே இருக்காது, "பெண்" என்று மட்டும் இருக்கும். பெயர் வைக்கும் முன்பே பதிந்துவிடுவார்கள், பிறகு யாரும் போய்ச் சேர்ப்பதில்லை. பள்ளிச் சான்றிதழில் இருந்த 1953 ஜூன் என்ற தேதியையும் நான் நம்பவில்லை. தலைக்கு மேல் கையைச் சுற்றி எதிர்க் காதைத் தொடச் சொல்லி வயதை முடிவு செய்த காலம் அது. ஜூனில் பள்ளி திறக்கும்போது ஐந்து வயது நிறைந்திருக்க வேண்டுமே என்று தலைமையாசிரியரே ஒரு தேதியைப் போட்டுவிடுவார். அந்தத் தலைமுறையில் ஜூன் மாதத்துப் பிள்ளைகள் அத்தனை பேர் இருப்பது இதனால்தான். அதனால் 1953 முழுவதையும், முன்னும் பின்னும் ஒவ்வோர் ஆண்டையும் வரிவரியாகப் பார்த்தேன்.

1953 நவம்பரில் அந்தப் பதிவு கிடைத்தது. பெண் குழந்தை. தகப்பன் பெயர், தாய் பெயர் இரண்டும் பாட்டி சொன்னவையே. தகவல் கொடுத்தவர், சித்தியின் அப்பா.

தகவல் கொடுத்தவரின் பெயரை நாம் வாங்கும் பிறப்புச் சான்றிதழில் அச்சிடுவதில்லை. ஆனால் உறவைத் தேடுபவர்களுக்குப் பதிவேட்டின் அந்தக் கட்டத்தைவிட உதவுவது வேறில்லை என்பேன். ஒரு மனிதர் நடந்து போய், "என் மகளுக்குப் பெண் பிறந்திருக்கிறது, மருமகன் பெயர் இது" என்று சொல்லி எழுத வைத்திருக்கிறார். மறைக்க நினைப்பவர் செய்கிற காரியமா இது?

பிறப்புப் பதிவேட்டைப் பார்த்தால் பக்கத்தில் இருக்கும் இறப்புப் பதிவேட்டையும் புரட்டுவது என் பழக்கம். அதே ஊர், அடுத்த மாதம், அதே தாயின் பெயர் இருந்தது. தகவல் கொடுத்தவரும் சித்தியின் அப்பாவேதான். காரணம் என்ற இடத்தில் பிரசவ ஜுரம் என்று எழுதியிருந்தது.

இறப்புப் பதிவின் நகல் யார் கேட்டாலும் கொடுக்கலாம். ஆனால் இறப்பின் காரணத்தை அதில் காட்டக் கூடாது என்று 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17ஆவது பிரிவு சொல்கிறது. நல்ல விதிதான், பல குடும்பங்களின் மானத்தை அது காத்திருக்கிறது. அந்த அம்மாவோ என் முகத்தையே பார்த்துக்கொண்டு, "எதனாலம்மா செத்தா?" என்று கேட்டார். நகலில் எழுத முடியாது, ஆனால் பெற்றவளைப் பற்றிக் கேட்கும் மகளிடம் வாயால் சொல்வது நியாயம் என்று எனக்குப் பட்டது. சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "வேணாம்னு குடுத்துட்டான்னுல்ல இத்தனை நாளா நெனச்சுக்கிட்டிருந்தேன்" என்று சொல்லி அழுதார். மகளும் அழுதார். எனக்கும் வேலை ஓடவில்லை.

பெயரில்லாத அந்தக் குழந்தை இவர்தான் என்று சான்று எழுதித் தர எனக்கு அதிகாரம் இல்லை. அதற்கு வேறொரு கண்ணி வேண்டும். எங்கள் அலுவலகத்திலேயே அது இருக்கக்கூடும் என்று பத்திரங்களின் பெயர் அட்டவணையைப் பார்க்கச் சொன்னேன். பத்திரங்களில் உறவைச் சொல்லித்தான் எழுதுவார்கள், யாரும் பொதுவாக அதைப் படித்துப் பார்ப்பதில்லை. இந்த அம்மாவின் கல்யாணச் சமயத்தில் பெரியப்பா எழுதிக் கொடுத்த தானசெட்டில்மெண்ட் ஒன்று இருந்தது. "எனது மனைவியின் தங்கை மகளும், கைக்குழந்தைப் பருவம் முதல் என்னால் வளர்க்கப்பட்டு எனக்கு மகளாகவே இருந்து வருபவளுமான" என்று அதில் ஊரறிய எழுதி, பெற்றவர்கள் பெயரையும் சேர்த்திருந்தார். முறையாகத் தத்து எடுக்கவில்லையே என்று பங்காளிகள் கேட்டார்களாம். பழைய இந்துச் சட்டப்படி பொதுவாக ஆண் பிள்ளையைத்தான் தத்து எடுக்க முடியும். பெண் குழந்தைக்கும் வழி திறந்தது 1956ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான். 1953இல் அந்த மனிதர் வேறு என்ன செய்திருக்க முடியும்?

தகப்பன் விஷயத்தில் பங்காளிகள் கிளப்பிய பேச்சுக்கும் இடமில்லை. திருமண பந்தம் இருக்கும்போது பிறந்த பிள்ளையைக் கணவனின் பிள்ளையாகவே அப்போதைய சாட்சியச் சட்டத்தின் 112ஆவது பிரிவு கொண்டது. அதை மறுக்கிறவர்தான் நிரூபிக்க வேண்டும். 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டமும் இதை அப்படியே வைத்திருக்கிறது.

ஆதாரில் அப்பா பெயரை மாற்ற வேண்டுமா என்று மகள் கேட்டார். அம்மா ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டார். வளர்த்தவர் பெயர்தான் கடைசிவரை இருக்கும் என்றார். அவர் கேட்டு வாங்கியது பத்திர நகலும், பெற்றவளின் இறப்பு நகலும்தான். திதி கொடுக்க நாள் தெரிய வேண்டும் அல்லவா.

அதன்பிறகு "பதிவு இல்லை" சான்றோடு யார் வந்தாலும், எந்த ஊர், எந்தெந்த ஆண்டு தேடியதாக அதில் எழுதியிருக்கிறது என்பதைத்தான் முதலில் பார்ப்பேன். அம்மாவின் பிறந்த ஊர் எது என்று அடுத்ததாகக் கேட்பேன். பலருக்கு அந்த இடத்திலேயே முகம் மாறும், ஏனென்றால் அங்கே யாரும் தேடியிருக்க மாட்டார்கள்.