முப்பது மீட்டரில் நிறுத்திய துளை

"இன்னும் அஞ்சு மீட்டர் இறக்கிப் பாத்துரலாமா சார்?" என்று துளை போடும் ரிக் ஓட்டுகிற அண்ணன் கேட்டார். "போதும்ணே, மூட்ட கட்டுங்க" என்றேன். அவ்வளவுதான் பேச்சு. பதினோரு வருஷமாக அதையே திரும்பத் திரும்பப் பேசிப் பார்க்கிறேன்.

மீஞ்சூர் பக்கம், கொசஸ்தலையாற்றில் பாலத்துக்கான மண் பரிசோதனை. மேலே மணல், அப்புறம் சிப்பி கலந்த கரும்சாம்பல் களிமண், அதன் அடியில் கெட்டி. மண்ணின் கெட்டியை அளக்கக் குழாயை அடித்து இறக்கும் எஸ்.பி.டி. சோதனையில், சுத்தியல் ஐம்பது அடி அடித்தும் குழாய் இறங்கவில்லை. ஒப்பந்த ஆழமும் முப்பது மீட்டர்தான். 'சிதைந்த பாறை' என்று லாகில், அதாவது துளையின் அடுக்குக் குறிப்பில், எழுதினேன். துளையைக் கழுவி மேலேறும் தண்ணீரோடு வந்ததோ புளியங்கொட்டை அளவில் உருண்ட கூழாங்கற்கள். பாறை சிதைந்தால் துண்டுகளில் முனை இருக்கும். கூழாங்கல் படுகையிலும் சுத்தியல் இப்படித்தான் நிற்கும். இரண்டும் எனக்குத் தெரியும்.

சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல் மட்டம் இப்போதைவிட ஏறத்தாழ 120 மீட்டர் கீழே இருந்தது. கரை கிழக்கே தள்ளிப்போக, ஆறுகள் படுகையை ஆழமாக அறுத்தன. பனி உருகிக் கடல் ஏறியபோது அந்தப் பள்ளங்களில் உப்புநீர் புகுந்து சேறு நிறைந்தது. நம் சிப்பிக் களிமண் அப்படி வந்ததுதான் என்றால், அதன் அடியில் நான் தொட்டது பழைய ஆற்றின் தரை. பாறை இன்னும் கீழே.

கொசஸ்தலையாற்றுக்கு விருத்த க்ஷீர நதி, அதாவது பழைய பாலாறு, என்றும் பெயர் உண்டு. பாலாறு ஒரு காலத்தில் இந்த வழியே ஓடியது, நிலம் மெல்ல எழுந்ததால் தெற்கே விலகியது என்பது புவியியலாளர் பலரின் கருத்து. அவ்வளவு பெரிய ஆறு தோண்டிய பள்ளம் எவ்வளவு ஆழமோ என்று பயம் வரும். அடுத்த நிமிஷமே, அந்தக் கல் சத்தியவேட்டு மலைப்பக்கமிருந்து உருண்டு வந்திருக்கக்கூடாதா, பாலாறு எதற்கு என்று என்னையே மடக்குவேன். கடல் இறங்கினாலும் நிலம் எழுந்தாலும் ஆறு அறுக்கத்தான் செய்யும். ஒற்றைத் துளையை வைத்து எது என்று சொல்லிவிட முடியாது. சரி, ஆனால் கல் எங்கிருந்து வந்தால் என்ன, அது பாறை இல்லையே.

பைல் என்கிற அடித்தளத் தூண்களை இறக்கும்போது பாலம் கட்டியவர்களுக்கே தெரிந்திருக்கும். பாலமும் நிற்கிறது. அது நிற்பதால் என் லாக் சரியாகிவிடாது.

அண்ணனுக்கு மீட்டர் கணக்கில்தான் கூலி. அதனால்தான் கேட்கிறார் என்று அன்றைக்கு நினைத்தேன். அவரோ அந்தக் கற்களைத் தண்ணீரில் அலசி, உள்ளங்கையில் வைத்து என்னிடம் நீட்டிக்கொண்டேதான் கேட்டார்.