எல்லா 232உம் அழைப்பு அல்ல

தமிழ்ச் சொற்பட்டியலை அகரவரிசைப்படுத்த சி மொழியில் ஒரு சிறு நிரல் வைத்திருக்கிறேன். பட்டியல் நீண்டால் அது திணறும். நேரம் எங்கே போகிறது என்று பார்க்கச் சொந்தமாக ஒரு புரொஃபைலர் எழுத உட்கார்ந்தேன். வினாடிக்கு 100 முறை நிரலைத் தட்டி நிறுத்தி, அந்த நொடியில் செயலி எந்த முகவரியில் நிற்கிறது என்று குறித்துக்கொள்வதுதான் அதன் வேலை. எந்த ஃபங்ஷன் நேரத்தைத் தின்கிறது என்பது இரண்டே நாளில் தெரிந்துவிட்டது. அதை யார் அழைக்கிறார்கள் என்பது தெரியவில்லை. ஒரே ஃபங்ஷனை மூன்று இடங்களிலிருந்து அழைத்தால் எந்த இடத்தைத் திருத்துவது?

மூல நிரலைப் படித்தே, எந்த ஃபங்ஷன் எதை அழைக்கிறது என்று காட்டும் அழைப்பு வரைபடம் போடலாமே என்று தோன்றும். ஆனால் மூல நிரலை இயந்திர மொழியாக மாற்றும் கம்பைலர் சில ஃபங்ஷன்களை அழைத்த இடத்திலேயே கரைத்துவிடும்; சிலவற்றை இரண்டாகப் பிளந்துவிடும். ஓடுவது பைனரி, அதாவது கம்பைல் செய்து கிடைத்த இயந்திர மொழிக் கோப்பு. அப்படியென்றால் பைனரியைத்தான் கேட்க வேண்டும்.

யோசனை புதிதல்ல. 1982ல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்திலிருந்து சூசன் கிரகாம், பீட்டர் கெஸ்லர், மார்ஷல் கிர்க் மெக்குசிக் ஆகிய மூவர் ஜிப்ரோஃப் புரொஃபைலரைப் பற்றி எழுதிய கட்டுரையிலேயே இது இருக்கிறது. ஓடும்போது நடந்த அழைப்புகளை எண்ணுவதோடு, இயந்திர மொழியைப் படித்து, நடக்கக்கூடிய அழைப்புகளையும் வரைபடத்தில் சேர்த்தார்கள். நடக்காத அழைப்புக்கு எண்ணிக்கை 0, அதன்மீது நேரமும் ஏறாது. பிறகு எதற்கு அது? ஒன்றையொன்று வளையமாக அழைக்கும் ஃபங்ஷன்களை ஜிப்ரோஃப் ஒரே கூட்டமாகக் கட்டுகிறது. இன்றைய ஓட்டத்தில் வளையத்தின் ஒரு கண்ணி அழைக்கப்படாமல் போனால் கூட்டம் உடைந்துவிடும், நேற்றைய கணக்கோடு ஒப்பிட முடியாது. இந்த 0 கண்ணிகள் கூட்டத்தை உடையாமல் காக்கின்றன. இதைப் புரிந்துகொண்ட அன்று எனக்கு வேறு வேலையே ஓடவில்லை.

இந்தப் பதிவில் பைட்டுகளைப் பதின்ம எண்ணிலேயே எழுதுகிறேன். கையால் கணக்குப் போட்டுப் பார்க்க அதுதான் வசதி.

என் கணினி 64 பிட் இன்டெல் வகை. அதில் சாதாரண அழைப்புக் கட்டளைக்கு 5 பைட். முதல் பைட் 232. அடுத்த 4 பைட் தூரம், மதிப்பில் சிறிய பைட் முதலில் வரும். அந்தத் தூரத்தை அழைப்புக் கட்டளையின் முகவரியோடு கூட்டக் கூடாது, அதற்கு அடுத்த கட்டளையின் முகவரியோடு கூட்ட வேண்டும். எடுத்துக்காட்டாக, 4495ஆம் முகவரியில் 232 211 255 255 255 இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தூரம் கழித்தல் 45. அடுத்த கட்டளை 4500ல் தொடங்குகிறது. ஆக, அழைக்கப்படுவது 4455ல் உள்ள ஃபங்ஷன். கோப்பைத் திறந்து, 232 வரும் இடமெல்லாம் இந்தக் கணக்கைப் போடு என்று பைத்தானில் இருபது வரி எழுதி ஓட்டினேன்.

குப்பை கொட்டியது.

காரணத்தைத் தேடியதில் சுவையான ஒன்று கிடைத்தது. ஆப்டிமைசேஷன் (நிரலை வேகமாக்கும் மெருகு) இல்லாமல் கம்பைல் செய்தால், ஃபங்ஷனின் உள் மாறிகள் அடுக்குச் சட்டகத்தின் (நினைவகத்தில் அந்த ஃபங்ஷனுக்கு ஒதுக்கிய இடத்தின்) அடிப்புள்ளியிலிருந்து கீழ்நோக்கி 4, 8, 12 என்று இடம் பிடிக்கும். 24 பைட் கீழே இருக்கும் மாறியை எட்டக் கழித்தல் 24 என்று எழுத வேண்டும். ஒரே பைட்டில் கழித்தல் 24 என்பது 256லிருந்து 24 போக, 232! அதாவது ஆறு முழு எண் மாறிகள் உள்ள ஃபங்ஷனில், 24ஆம் இடத்து மாறியைத் தொடும் ஒவ்வொரு கட்டளையும் அழைப்பு வேடம் போடுகிறது. ஆப்டிமைசேஷன் போட்டாலும் தப்பிக்க வழியில்லை. ஒரு ரெஜிஸ்டரை (செயலிக்குள் உள்ள சிறு சேமிப்பிடத்தை) இன்னொன்றுக்கு நகலெடுக்கும் 72 137 232, வலப்பக்கம் நகர்த்தும் 193 232 இரண்டும் எங்கும் கிடக்கும்.

முதல் சல்லடையாக, போய்ச் சேரும் முகவரி நிரலின் கட்டளைப் பகுதிக்குள் இருக்கிறதா என்று பார்த்தேன். 4 பைட் தூரம் ஏறத்தாழ 429 கோடி விதமாக அமையலாம். 40,000 பைட் நீளமுள்ள நிரலுக்குள் தற்செயலாக விழும் வாய்ப்பு 1 லட்சத்தில் 1தான். பெரும்பாலான குப்பை இதிலேயே போய்விட்டது. ஆனால் பைட்டுகள் தற்செயலாக வருவதில்லையே. 199 69 232 0 0 0 0 என்ற கட்டளை '24 கீழே உள்ள மாறியில் 0 வை' என்கிறது. என் கருவிக்கு அதே பைட்டுகள் '0 தூரத்தில் உள்ள ஃபங்ஷனை அழை' என்று தெரிகிறது. மாறியில் 0 வைப்பதைவிடச் சாதாரணமான வேலை நிரலில் உண்டா?

ஆகவே இரண்டாவது சல்லடை வந்தது. சேரும் முகவரி ஏதாவது ஒரு ஃபங்ஷனின் முதல் பைட்டாக இருக்க வேண்டும், பெயர்ப்பட்டியலில் பார்த்துக்கொள்ளலாம். இன்டெல் செயலிகளுக்கு இன்றைய குனு ஜிப்ரோஃப் செய்வதும் இவ்வளவுதான். ஒவ்வொரு பைட்டாக நகர்ந்து 232ஐத் தேடும், எல்லை பார்க்கும், ஃபங்ஷனின் தொடக்கமா என்று பார்க்கும். இதன் பிறகு என் பட்டியல், பைனரியைக் கட்டளை கட்டளையாகப் பிரித்துக் காட்டும் டிஸ்அசெம்பிளர் தந்த பட்டியலோடு கிட்டத்தட்ட ஒத்துப்போனது. பலரும் இங்கே நிறுத்திக்கொள்வார்கள், அது தவறும் இல்லை.

எனக்கு மனம் கேட்கவில்லை. இதை ஏமாற்ற முடியுமா என்று பார்க்க ஒரு சோதனை நிரல் எழுதினேன். ஆறு மாறிகள் கொண்ட ஒரு ஃபங்ஷன், அதற்கு நேர் கீழே அது அழைக்கவே அழைக்காத இன்னொரு ஃபங்ஷன். மாறியில் எண் வைக்கும் கட்டளை முடியும் இடத்திலிருந்து அடுத்த ஃபங்ஷன் 37 பைட் தள்ளி இருந்தது. மாறியில் 37 என்று வைத்து மறுபடி கம்பைல் செய்தேன். அந்த எண்ணுக்கு எப்போதும் 4 பைட்தான் என்பதால் எதுவும் இடம் மாறவில்லை. கருவி இரண்டு சல்லடையையும் தாண்டி, இல்லாத அழைப்பைக் கம்பீரமாக அறிவித்தது. ஒரு மாறியின் மதிப்பு அழைப்பு வரைபடத்தில் கோடு போடுகிறது என்றால், அந்த வரைபடத்தை நான் எப்படி நம்புவேன்?

நடுவில் குறுக்கு வழி ஒன்றும் பார்த்தேன். துண்டுகளை ஒரே நிரலாக இணைக்கும் லிங்கருக்குப் போகும் முன் உள்ள ஆப்ஜெக்ட் கோப்பில் ரீலொக்கேஷன் பட்டியல் இருக்கும். எந்த இடத்தில் எந்தப் பெயரின் முகவரியை நிரப்ப வேண்டும் என்று அது சொல்லும். லினக்ஸ் கெர்னலில் ஃபங்ஷன் அழைப்புகளைத் தடம்பிடிக்கும் எஃப்டிரேஸ் வசதிக்காக ரெக்கார்ட்எம்கவுன்ட் என்ற கருவி அழைப்பு இடங்களைப் பிடித்தது இப்படித்தான். பைட்டை ஊகிக்கவே தேவையில்லை. ஆனால் அதே கோப்புக்குள் மட்டும் தெரியும்படி ஸ்டாட்டிக் என்று அறிவித்த ஃபங்ஷன்களுக்கான அழைப்புகளை அசெம்பிளரே நிரப்பிவிடுகிறது, பட்டியலில் தடமே இருக்காது. என் நிரலில் முக்கால்வாசி ஃபங்ஷன் ஸ்டாட்டிக். சரி, விட்டுவிட்டேன்.

மிச்சம் இருந்தது நேர்வழிதான். 232 என்ற பைட் தன்னளவில் எதுவும் அல்ல. எங்கிருந்து படிக்கத் தொடங்கினோம் என்பதில்தான் அதன் பொருள் இருக்கிறது. ஃபங்ஷனின் முதல் பைட்டில் தொடங்கி, ஒவ்வொரு கட்டளையின் நீளத்தையும் கணக்கிட்டு, கட்டளை கட்டளையாகத் தாவிப் போக வேண்டும். கட்டளை 1 பைட்டாகவும் இருக்கலாம், 15 பைட்டாகவும் இருக்கலாம். முன்னொட்டுகள், 64 முதல் 79 வரையான ரெக்ஸ் பைட், மோட்ஆர்எம் பைட், அதன் பின்னால் சில நேரம் இன்னொரு பைட், தூரம், மாறிலி. ஆயத்த நூலகங்கள் உண்டு. ஆனாலும் எனக்கு நீளம் மட்டும் போதும் என்பதால் நானே அட்டவணை போட்டேன். இரண்டு வாரம், இரவு சாப்பாட்டுக்குப் பிறகு.

முடித்து டிஸ்அசெம்பிளர் பட்டியலோடு ஒப்பிட்டபோது ஒரே ஓர் அழைப்பு குறைந்தது. ஒன்றே ஒன்று. அதைத் தேடியே மூன்று இரவு போனது. தமிழ் எழுத்தைக் கோப்பில் எழுதும் யுடிஎஃப்-8 முறையில் அதன் பைட்டுகள் எல்லாம் 128 அல்லது அதற்கு மேல். எனவே நான்கு பைட்டும் ஆங்கில எழுத்துதானா என்று ஒரே அடியில் பார்க்கும் ஒரு சோதனையை நிரலில் வைத்திருந்தேன். கம்பைலர் அதை 247 199 128 128 128 128 என்று ஆக்கியிருந்தது. 247 கொஞ்சம் விசித்திரமான கட்டளை. அடுத்த பைட்டின் நடு மூன்று பிட்டுகளைப் பொறுத்து அது பெருக்கலாகவும் இருக்கும், வகுத்தலாகவும் இருக்கும், சோதனையாகவும் இருக்கும். சோதனைக்கு மட்டும்தான் பின்னால் மாறிலி உண்டு. நான் எதற்குமே இல்லை என்று அட்டவணையில் எழுதிவிட்டேன்.

அதனால் 128 128 என்பதைப் புதுக் கட்டளையாகக் கருவி படித்தது. அதற்கு 4 பைட் தூரமும் 1 பைட் மாறிலியும் தேவை. மீதி இரண்டு 128ஐயும், அடுத்து வந்த தாவல் கட்டளையின் 2 பைட்டையும் தூரமாக எடுத்துக்கொண்டது. மாறிலியாக அதற்குக் கிடைத்த பைட் எது தெரியுமா? அசல் அழைப்பின் 232. அதை விழுங்கிவிட்டு, சில பைட் தள்ளிக் கருவி மறுபடி சரியான தடத்தில் சேர்ந்துவிட்டது. இன்டெல் கட்டளை ஓட்டத்தின் குணமே அதுதான்: தடம் தவறினாலும் சில கட்டளைகளுக்குள் பெரும்பாலும் தானாகவே சேர்ந்துவிடும். அதனால்தான் பிழை ஒரே ஒரு அழைப்பில் மட்டும் தெரிந்தது. ஊர்ப்பட்ட பிழை வந்திருந்தால் ஐந்து நிமிடத்தில் பிடித்திருப்பேன்.

அட்டவணையில் அந்த ஒரு வரியைத் திருத்தியதும் இரண்டு பட்டியலும் வரிக்கு வரி பொருந்தின. 37 போட்ட சோதனை நிரலிலும் பொய் அழைப்பு மறைந்தது.

ஆனாலும் என் நிரலில் அதிக நேரம் தின்னும் ஃபங்ஷனை அழைப்பவர் யாருமே இல்லை என்றது வரைபடம்! இரண்டு சொற்களை ஒப்பிடும் ஃபங்ஷன் அது. அதை அழைப்பது நான் அல்ல, சி நூலகத்தில் வரிசைப்படுத்தும் வேலையைச் செய்யும் க்யூசார்ட். ஒப்பிடும் ஃபங்ஷனின் முகவரியை மட்டும் க்யூசார்ட்டிடம் கொடுக்கிறேன், அது உள்ளே சுட்டி வழியாக அழைக்கிறது. அத்தகைய அழைப்பு, முன்னொட்டு இல்லாவிட்டால், 255 என்று தொடங்கும். முகவரி ரெஜிஸ்டரிலோ நினைவகத்திலோ இருக்கும், கட்டளையில் இருக்காது. எத்தனை நுணுக்கமாகப் படித்தாலும் அது எங்கே போகும் என்று பைட் சொல்லாது. ஓடும்போது எண்ணும் ஜிப்ரோஃப்பும் இங்கே தடுமாறும். அழைத்த முகவரி நிரலின் எல்லைக்கு வெளியே நூலகத்தில் இருப்பதால் அழைப்பு பதிவாகாது, நேரம் மட்டும் பதிவாகும். அழைத்தவர் இடத்தில் 'ஸ்பான்டேனியஸ்', அதாவது தானாக முளைத்தது, என்று போட்டுவிடும்.

நான் ஒரு பாதி வழி செய்திருக்கிறேன். ஒரு ஃபங்ஷனின் முகவரியை ரெஜிஸ்டரில் ஏற்றும் கட்டளை கண்ணில் படும். என் நிரலில் அது 72 141 13 என்று தொடங்குகிறது. சேரும் இடம் ஃபங்ஷனின் தொடக்கமாக இருந்தால், ஏற்றியவரிடமிருந்து அதற்குப் புள்ளிக்கோடு போடுகிறேன். இது அழைப்பு என்று கருவி சொல்லாது, அழைப்பாக இருக்கலாம் என்று மட்டும் சொல்லும். ஒப்பிடும் ஃபங்ஷன் இப்போது அனாதையாக நிற்கவில்லை.

ராஸ்பெரி பையிலும் ஓட்டிப் பார்த்தேன். 64 பிட் ஆர்ம் செயலியில் எல்லாக் கட்டளையும் 4 பைட், நீளக் கணக்கே கிடையாது. நான்காவது பைட் 148 முதல் 151க்குள் இருந்தால் அது நேரடி அழைப்பு. மீதி 26 பிட்டை 4ஆல் பெருக்கினால் தூரம். முன்னும் பின்னும் 128 மெகாபைட் வரை எட்டும். அரை மணி நேரத்தில் முடிந்தது. இரண்டு வாரம் அட்டவணை போட்ட கைக்கு அது கொஞ்சம் வலித்தது.

இனி 233. ஒரு ஃபங்ஷனின் கடைசி வேலை இன்னொரு ஃபங்ஷனை அழைப்பது என்றால், ஆப்டிமைசேஷன் போட்ட கம்பைலர் அழைப்பதை விட்டுவிட்டு நேராகத் தாவிவிடுகிறது. அந்தத் தாவலின் முதல் பைட் பெரும்பாலும் 233. ஃபங்ஷனுக்குள்ளேயே நடக்கும் நீண்ட தாவலுக்கும் அதே பைட்தான். தாவிச் சேரும் இடம் வேறொரு ஃபங்ஷனின் முதல் பைட்டாக இருந்தால் அழைப்பு என்று எடுத்துக்கொள்வதாக இருக்கிறேன். நேற்று இரவு ஓட்டியதில் வரைபடத்தில் நான்கு புதுக் கோடுகள் வந்தன. மூன்றைச் சரிபார்த்துவிட்டேன்.