அலாஸ்காவில் கரடிக்காகத் துப்பாக்கி வாங்கிய கதை

அங்கரேஜுக்கு வேலை மாற்றலாகி வரும் நம் ஆட்கள் வீடு, பள்ளிக்கூடம், குளிர் எல்லாம் விசாரித்து முடித்ததும் கேட்பது ஒன்று உண்டு: "அண்ணா, மலைக்குப் போனா துப்பாக்கி வேணுமாமே, எது வாங்கலாம்?"

நியாயமான கேள்விதான். சுகாச் மாநிலப் பூங்கா ஊரின் கொல்லைப்புறத்திலேயே தொடங்கிவிடுகிறது. கருங்கரடியும் பழுப்புக் கரடியும் நகர எல்லைக்குள் நடமாடுகின்றன. சால்மன் மீன் ஏறும் பருவத்தில் ரஷ்யன் ஆற்றில் மனிதர்கள் தூண்டில் போடும் அதே கரையில் பழுப்புக் கரடியும் வந்து இறங்கும். 2017 ஜூனில், ஊருக்குத் தெற்கே பேர்ட் ரிட்ஜ் மலையோட்டப் போட்டியில் ஓடிய பதினாறு வயதுப் பையனை ஒரு கருங்கரடி கொன்றது. அந்தப் பாதையில் நானும் நடந்திருக்கிறேன். அங்கே போகும்போதெல்லாம் அந்தப் பையன் நினைவுக்கு வருகிறான்.

நான் பிறந்து வளர்ந்தது கோத்தகிரி. தேயிலைத் தோட்டத்தில் கரடி வருவதும், கோயில் விளக்கு எண்ணெயைத் தேடி அது கதவை உடைப்பதும் எங்களுக்குப் பழகிய சங்கதி. ஆனால் இங்கே கடலோரத்து ஆண் பழுப்புக் கரடி 400 கிலோவைத் தாண்டக்கூடியது. மணிக்கு ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் ஓடும். முப்பது மீட்டர் தள்ளிப் புதருக்குள் இருப்பது பாய்ந்தால் உங்களிடம் இருப்பது இரண்டு நொடி. எந்தத் துப்பாக்கி என்று யோசிக்கும்போது இந்த இரண்டு நொடியை மறக்கக் கூடாது.

துப்பாக்கிக்கு முன்னால் விசா. அலாஸ்காவில் 2003 முதல் 21 வயதானவர்கள் அனுமதிச் சீட்டு இல்லாமலே கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துப் போகலாம். இதைக் கேட்டுவிட்டு எச்-1பி என்ற தற்காலிக வேலை விசாவில் வந்தவர்கள் நேராகக் கடைக்குப் போய்விடுகிறார்கள். மாநிலச் சட்டம் அப்படி, மத்தியச் சட்டம் வேறு. குடியேற்றமில்லாத விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ கையில் வைத்திருப்பதே குற்றம். நண்பரின் துப்பாக்கியை வாங்கிச் சுட்டுப் பார்ப்பதும் அதில் அடங்கும். விதிவிலக்குகள் சில உண்டு. நமக்குப் பயன்படக்கூடியது, ஏதாவது ஒரு அமெரிக்க மாநிலத்தின் செல்லுபடியாகும் வேட்டை உரிமம். கிரீன் கார்டு இருந்தால் இந்தத் தடை இல்லை. கடையில் படிவம் 4473 நிரப்ப வேண்டும், பின்னணிச் சோதனை நடக்கும், அவ்வளவுதான். துப்பாக்கி வழக்கில் தண்டனை பெற்றால் கிரீன் கார்டு உள்ளவரையும் நாடு கடத்தலாம். பல வருடம் வரிசையில் நின்று கிடைத்த அட்டையை இதில் பணயம் வைக்காதீர்கள். சந்தேகம் இருந்தால் குடியேற்ற வழக்கறிஞரிடம் கேளுங்கள். கடைக்காரர் வார்த்தை போதாது.

நான் கிரீன் கார்டு வரும்வரை கரடி ஸ்ப்ரேயோடுதான் மலை ஏறினேன். இன்றும் என் முதல் ஆயுதம் அதுதான். மிளகாயின் காரச்சத்தை அழுத்தி அடைத்த குப்பி. ஏழெட்டு மீட்டர் தூரத்துக்கு மேகமாய்ப் பரவும், நடுங்கும் கைக்கும் குறி தப்பாது. அலாஸ்காச் சம்பவங்களைத் தொகுத்து 2008-இல் வெளியான ஆய்வில், பழுப்புக் கரடி மேல் அடித்தபோது 92 சதவீதம் வேலை செய்திருக்கிறது. அதே ஆய்வாளர்களில் சிலர் 2012-இல் துப்பாக்கிச் சம்பவங்கள் 269-ஐப் பார்த்தார்கள். கைத்துப்பாக்கி 84 சதவீதம் வேலை செய்திருக்கிறது, ரைஃபிள், ஷாட்கன் போன்ற நீளத் துப்பாக்கி 76 சதவீதம். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஸ்ப்ரேதான் ஜெயித்தது என்று சொல்லிவிடுவது சரியல்ல. ஸ்ப்ரே அடித்த சம்பவங்களில் பல, வேடிக்கை பார்க்கவோ உணவு தேடியோ வந்த கரடிகள். துப்பாக்கிச் சம்பவங்களிலோ பாய்ந்து வந்தவை நிறைய. எதிர்காற்றில் ஸ்ப்ரே உங்கள் முகத்துக்கே திரும்பும். கடுங்குளிரில் அழுத்தம் குறையும். விமானத்தில் கைப்பையிலும் ஏற்ற முடியாது, பெட்டியிலும் ஏற்ற முடியாது. இன்னொன்று, கொசு மருந்து போலக் கூடாரத்தின் மேல் அடித்துவைக்காதீர்கள். காய்ந்த வாசனை கரடியை இழுக்கும்.

சரி, துப்பாக்கி. பலத்தை மட்டும் பார்த்தால் 12 கேஜ் ஷாட்கன்னும் ரைஃபிளும்தான் மேல். ஆனால் இரண்டு கையாலும் மீனை இழுத்துக்கொண்டிருக்கும்போது ஷாட்கன் மரத்தில் சாய்ந்திருக்கும், கரடி அதற்கும் உங்களுக்கும் நடுவில் நிற்கும். கைத்துப்பாக்கி உடம்போடு இருக்கிறது. அதைத் தேர்வதற்கு இந்த ஒரு காரணம் போதும்.

கடையில் போய்க் கரடிக்கு என்றால் முதலில் .44 மேக்னம் ரிவால்வரைத்தான் காட்டுவார்கள் (இந்த எண்கள் குண்டின் தடிமனைக் குறிப்பவை). 1955-இல் வந்த தோட்டா, அலாஸ்காவில் தலைமுறைகளாக நம்பப்படுவது. அதற்கும் மேலே .454 காசுல். அதற்கும் மேலே 2003-இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கொண்டுவந்த .500 மேக்னம், அந்த ரிவால்வர் ஐந்தே குண்டு கொள்ளும். கரடி பெரிசு, அதனால் குண்டும் பெரிசாக இருக்கட்டும் என்று மனசு போகும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

அலுவலக நண்பர் ஒருவர் வசில்லாவில் பிறந்து வளர்ந்தவர். தன்னுடைய நான்கு அங்குல .44-ஐ எடுத்துக்கொண்டு ராபிட் கிரீக் துப்பாக்கிப் பயிற்சித் திடலுக்கு என்னை அழைத்துப் போனார். ஒரு கிலோவுக்கு மேல் கனக்கும் எஃகு. முதல் குண்டு தாளில் கறுப்பு வட்டத்துக்குள்ளேயே விழுந்தது. ஆனால் குழாய் நெற்றி உயரத்துக்கு எம்பிவிட்டது. பெருவிரல் அடியில் சதை எரிந்தது. பிடியைச் சரிசெய்து, குறியை மறுபடி பிடித்து, இரண்டாவது விசையை அழுத்துவதற்குள் நண்பர் வாய்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். "மூணு" என்று முடித்தார். பிறகு சொன்னார்: "முதல் குண்டை எல்லாரும் சுடுவாங்க. கரடி அதுக்குள்ள உன் மேல இருக்கும். உனக்கு ரெண்டாவதும் மூணாவதும் எதுல வருதோ அதை வாங்கு."

அப்புறம் 10 மி.மீ. க்ளாக் 20-ஐக் கொடுத்தார். ஒரு குண்டு சுட்டதும் அடுத்தது தானாக ஏறும் தானியங்கிக் கைத்துப்பாக்கி. பதினைந்து தோட்டா கொள்ளும் மேகஸின். பலம் .44-ஐ விடக் குறைவு, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் உதை கைக்குள் அடங்கியது, அடுத்தடுத்த குண்டு தாளை விட்டுப் போகவில்லை. வடகிழக்கு கிரீன்லாந்தில் நாய்வண்டியில் ரோந்து போகும் டென்மார்க்கின் சிரியஸ் படையினர் பனிக்கரடிக்காக வைத்திருப்பதும் இதே க்ளாக் 20தான். நான் அதையே வாங்கினேன். தானியங்கியில் தோட்டா சிக்கலாம், கரடியின் உடம்போடு அழுந்தினால் சுடாமல் போகலாம். ரிவால்வரில் இந்தத் தொல்லை இல்லை. இது தெரிந்தேதான் எடுத்தேன். .44-இல் பழகிய கை உள்ளவருக்கு ரிவால்வர்தான் சரி, அவரை மாற்றச் சொல்ல மாட்டேன்.

தோட்டா விஷயத்தில் மட்டும் பிடிவாதமாக இருங்கள். வீட்டுப் பாதுகாப்புக்கு விற்கும் குழிமுனைக் குண்டு மனித உடம்பில் விரிந்து நிற்பதற்காகச் செய்தது. கரடியின் கொழுப்பையும் தோள் தசையையும் எலும்பையும் தாண்டி உள்ளே போக, விரியாத கெட்டி வார்ப்பு ஈயக் குண்டு வேண்டும். 2016-இல் அலாஸ்காவில் அனுபவமுள்ள வேட்டை வழிகாட்டி ஒருவர் வெறும் 9 மி.மீ. துப்பாக்கியாலேயே பாய்ந்து வந்த பழுப்புக் கரடியைக் கொன்றார். அவரிடம் இருந்தது இந்த வகைக் குண்டு. வாங்கிய தோட்டாவை அதே துப்பாக்கியில் நிறையச் சுட்டுப் பாருங்கள். சில தானியங்கிகளில் அது ஒழுங்காக ஏறாது.

துப்பாக்கி உறை மார்பில் இருக்க வேண்டும். இடுப்பில் கட்டினால் முதுகுப்பையின் பட்டை அதை மூடிவிடும், ஆற்றில் இறங்கினால் நனையும். மழைச்சட்டைக்கு மேலே, மார்புக்குக் குறுக்கே. ஸ்ப்ரே இடது பட்டையில். குண்டு இல்லாத துப்பாக்கியை வீட்டில் மறுபடி மறுபடி எடுத்துப் பழகுங்கள், கையுறையோடும்.

சுட்டுவிட்டால் கதை முடியாது. உயிரையோ உடைமையையோ காக்கக் கரடியைக் கொல்ல அலாஸ்காச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் நீங்கள் சீண்டியிருந்தாலோ, உணவையும் குப்பையையும் திறந்து போட்டு வரவழைத்திருந்தாலோ அந்தப் பாதுகாப்பு கிடையாது. கொன்றவர்தான் நகத்தோடு தோலை உரித்து, மண்டையோட்டையும் எடுத்து மாநில மீன்–வனவிலங்குத் துறையிடம் ஒப்படைக்க வேண்டும். பதினைந்து நாளுக்குள் எழுத்தில் அறிக்கையும் தர வேண்டும். கருவாட்டையும் புளியோதரையையும் கூடாரத்துக்குள் வைத்துத் தூங்கும் நம்மவர்களுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன். கரடி திறக்க முடியாத உணவுக் குப்பி வாங்குங்கள், கூடாரத்திலிருந்து நூறு மீட்டர் தள்ளிச் சமையுங்கள், புதர்ப் பாதையில் சத்தமாகப் பேசிக்கொண்டு போங்கள். கரடியைச் சுடும் நிலைமை வராமல் இருப்பதற்குத்தான் இவ்வளவும்.

வீட்டில் என் மனைவி ஒரு நிபந்தனை போட்டாள். துப்பாக்கி எண்பூட்டுப் பெட்டகத்தில் இருக்க வேண்டும், தோட்டா வேறு அலமாரியில் பூட்டி இருக்க வேண்டும், அவளுக்கும் சுடத் தெரிந்திருக்க வேண்டும். மூன்றும் நடந்தது. அவளுடைய கைக்கு க்ளாக் 20-இன் பிடி தடிமன். அதனால் அவள் ஸ்ப்ரேயை எடுத்துக்கொள்கிறாள், நடக்கும்போது முன்னால் போகிறாள்.