கொடிவேரியா, பவானிசாகரா?

லீவு விட்டதும் எங்கள் வீட்டில் இந்தப் பஞ்சாயத்துதான். பிள்ளைகளுக்குப் பவானி ஆற்றின் கொடிவேரி தடுப்பணை. அத்தைக்குப் பவானிசாகர் அணைப் பூங்கா. நிழலில் உட்கார்ந்து கட்டுச்சோற்றைப் பிரிக்கலாமே! என் ஓட்டு கொடிவேரிக்கு, கோபிசெட்டிபாளையத்திலிருந்து பக்கம் என்பதற்காக மட்டுமில்லை.

தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்கள் பிரிவது இங்கேதான். தடுப்பணை நெடுக வழிந்து விழும் தண்ணீருக்கு முதுகைக் காட்டி நின்றால் குற்றாலம் எதற்கு? பாறை வழுக்கும், வாண்டுகளின் கையை விடாதீர்கள். ஆற்றில் தண்ணீர் கூடினால் குளிக்க விடமாட்டார்கள்; விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். ஞாயிற்றுக்கிழமை கூட்டம், வேண்டவே வேண்டாம்.

நடுங்கிக்கொண்டே கரையேறினால் மீன் வறுவல். மசாலா ஓரத்தில் லேசாகக் கருகி, மேலே நறுக்கின வெங்காயத்தோடு தட்டில் வரும். "அம்மா, முள்ளு எடுத்துக் குடு" என்று சின்னவன் வாயைத் திறந்தபடி நிற்பான். எனக்குக் கடைசியில் வால்தான்.

பவானிசாகர் 1955-இல் கட்டி முடித்த மண் அணை, சுமார் 8 கிலோமீட்டர் நீளம். பூங்காவில் ஊஞ்சலும் சறுக்கும் உண்டு. வெயில் தாழ்ந்து போனால் அத்தை சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இந்த முறை அவர் கட்சிதான் ஜெயித்தது, புளிசாதம் அவர் கையில் அல்லவா!